காலடியில் வைத்த செங்கல்

புதிதாக வார்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் எழுதுவது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராசிங்காபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். எந்த ல, எந்த ள, எந்த ழ என்பது எனக்கு இன்னும் தடுமாறும். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முன்னால் வந்து பேசச் சொல்லித்தான் சிஸ்டர் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு ஆகாது. பதினாறு வருடம் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் அது எனக்கு வரவில்லை. இடுப்பு வலியால் போன வருடம் வேலையை விட்ட பிறகு பேச ஆளும் இல்லை. அதனால் ஒரு நோட்டு வாங்கினேன்.

கட்டில் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, இதெல்லாம் நாலு நாளில் உங்களுக்கே பழகிவிடும். நான் எழுத நினைப்பது அதைப் பற்றி இல்லை. காலடியில் செங்கல் வைத்ததைப் பற்றி.

போடியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது நம் ஆஸ்பத்திரி. நான் சேர்ந்தபோது இருபது கட்டில். ஒரு டாக்டர், என்னைவிட நாலு வயது இளையவர். சிஸ்டர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். உதவிக்கு இரண்டு நர்ஸ் பிள்ளைகள், சமையலுக்கு ஒருவர், கார் ஓட்ட ஒரு டிரைவர், வார்டுக்கு நான். எனக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கும் கொட்டகையை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஏலத்தோட்டத்து ஆட்கள். மலையில் மழையும் பனியும் அதிகம். அங்கே லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் கல்லைச் சுட்டு, சாக்கில் சுற்றி, படுக்கிறவர் காலடியில் வைப்பார்கள். கீழே வந்து படுத்தாலும் அவர்களுக்கு அந்தச் சூடு வேண்டியிருக்கும். ஒரு நாள் ஒரு கிழவர் கேட்டார் என்று சமையல் அடுப்பில் ஒரு செங்கல்லைச் சுட்டு, சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்காரர் கேட்டார். அப்புறம் அதுவே என் பெயராகிவிட்டது. "செங்கலு, இங்கிட்டு ஒண்ணு கொண்டா அப்பு" என்று வார்டின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். நானும் ஓடுவேன்.

எனக்கு யாரிடமும் பேச்சு வராது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட நாக்கு எழாது. செங்கல்லை வைத்துவிட்டு, போர்வையைக் கால் பக்கம் செருகிவிட்டால் நானும் ஒரு வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் மத்தியானம், ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே ஒருவரைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெயர் சுருளியாண்டி. நாற்பது வயது இருக்கும். களை வெட்டும்போது அரிவாள் கணுக்காலுக்கு மேலே இறங்கிவிட்டது. மூன்று நாள் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தார்கள். டாக்டர் கட்டைப் பிரித்து, சீழைத் துடைத்து, ஊசி போட்டார். காய்ச்சல் கொதித்தது. கூட யாரும் வரவில்லை. பெண்டாட்டி கைப்பிள்ளையோடு மலையில் இருந்தாள். ஜீப்புக்காரர் அவரை இறக்கிவிட்டு லோடோடு போய்விட்டார்.

நாலு மணிக்கு அவருக்கு நடுக்கம் எடுத்தது. கட்டிலே ஆடியது. மலைக்காய்ச்சல் நடுக்கத்தை நான் எத்தனையோ பார்த்தவன். இதுவும் அதுதான் என்று நினைத்து இரண்டு செங்கல் சுட்டு வைத்தேன். நடுக்கம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"ஏப்பா முத்தையா, மாட்டப் பிடிச்சுக் கட்டுனியா?"

என் பெயர் முத்தையா இல்லை. ஆனாலும், "கட்டிட்டேண்ணே" என்றேன்.

"மழை வருது. உள்ள தள்ளிக் கட்டு."

"உள்ளதாண்ணே கட்டியிருக்கேன்."

அவர் சிரித்தார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் மாட்டைப் பற்றியும் ஏதோ வரப்புத் தகராறு பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். இடையிடையே மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறி வந்தவரைப் போல. நான் எல்லாவற்றுக்கும் ஆமாண்ணே, சரிண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒரு மனுஷன் என்னைத் தம்பியாக நினைத்துப் பேசுகிறார். விட்டால் இரவு பூராவும் முத்தையாவாக இருந்திருப்பேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு சிஸ்டர் வந்தார். காய்ச்சல் குச்சியை வைத்துப் பார்த்தார். போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டார். நான் அப்போதுதான் செங்கல் மாற்றியிருந்தேன்.

"நல்ல சூடுண்டு. காய்ச்சலும் கொறஞ்சிருக்கு. கொள்ளாம் சேட்டா, நல்லாயிட்டுண்டு. இனி உறங்கட்டும்" என்றார்.

சேர்ந்ததிலிருந்து சுருளியாண்டி ஒருமுறைகூட மூத்திரப் பாத்திரம் கேட்கவில்லை. எனக்கு ஒரு சோலி மிச்சம் என்றுதான் நினைத்தேன். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை செங்கல் மாற்றினேன்.

விடிந்து டாக்டர் வந்தபோது சுருளியாண்டிக்குப் பேச்சில்லை. கண் பாதி திறந்திருந்தது. டாக்டர் போர்வையை இழுத்துப் போட்டார். செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முழங்காலைச் சுற்றி நீலமும் சிவப்புமாகப் பாசி படர்ந்த மாதிரி இருந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். செங்கல் போன கொஞ்ச நேரத்துக்குள் அந்தக் கால் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த கல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பாட்டில் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், ஓடினார்கள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டோடு நின்றேன்.

"நான் செங்க வச்சதாலயா சார்?"

அதுதான் அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி. அவர் துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வச்சதால சாகலப்பா. வச்சதால நமக்குத் தெரியாமப் போச்சு. புண்ணுல இருந்த விஷம் ரத்தத்துல ஏறிருச்சு. செப்டிக். அப்படி ஆச்சுன்னா உடம்பு கை காலைக் கைவிட்டுட்டு உள்ள இருக்குறத மட்டும் காப்பாத்தப் பாக்கும். கால் குளுந்து போகும். மூச்சு வேகமாகும். மூத்திரம் நின்னுரும். ஆள் மாத்திப் பேசும். நேத்துச் சாயங்காலம் யாராவது இதப் பாத்துச் சொல்லியிருந்தா அப்பவே ஆரம்பிச்சிருப்பேன்."

"பொழச்சிருப்பாரா சார்?"

"அது தெரியாது. ஆனா ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கலாம்."

"காய்ச்சல் எறங்குச்சே சார்."

"மலைக்காய்ச்சல் எறங்குனா ஆள் தெளிஞ்சு எந்திரிச்சுக் கஞ்சி கேப்பான். ஆள் தெளியாம, காய்ச்சல் மட்டும் எறங்குனா அத நல்லதுன்னு நம்பாத."

அவர் என்னைத் திட்டவில்லை. சிஸ்டரும் திட்டவில்லை. மத்தியானம் சுருளியாண்டியின் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு வந்தாள். பக்கத்துக் கட்டிலுக்காரர்கள் என்னைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவள் நேரே என்னிடம் வந்து கும்பிட்டாள்.

"கடைசி வரைக்கும் கால் குளுராமப் பாத்துக்கிட்டீங்களாமேண்ணே. நல்லா இருப்பீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "முத்தையான்னு கூப்பிட்டாரு" என்றேன்.

"அவரு தம்பி. செத்து ஏழெட்டு வருசமாச்சு" என்றாள்.

தம்பிகளே, நோயாளி நம்மிடம் பிரியமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம்மை யார் என்று நினைத்துப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அன்றிலிருந்து நான் யாருக்கும் செங்கல் வைக்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்குச் சொல்லவும் தெரியவில்லை. "வெறகு தீந்துபோச்சா செங்கலு?" என்று கேட்பார்கள். சும்மா நகர்ந்துவிடுவேன். திமிர் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கூப்பிடுவது குறைந்தது.

அதற்குப் பதிலாகப் பார்க்க ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை மூச்சு என்று எண்ணுவேன். முன்பெல்லாம் டாக்டர் வருவதற்கு முன் எல்லாப் பாத்திரங்களையும் கொட்டிக் கழுவிச் சுத்தமாக வைப்பதுதான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது கொட்டுவதற்கு முன் எந்தக் கட்டிலுடையது என்று பார்த்து, அந்தக் கட்டிலுக்கு நேரே சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். கோடே விழாத கட்டிலைச் சிஸ்டரிடம் காட்டுவேன். போகிற போக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று தெரிய, "சந்தை எந்தக் கிழமை?" என்று கேட்பேன். மலைக்காரர்கள் அதை மட்டும் மறக்கமாட்டார்கள்.

பார்ப்பது பழகிவிட்டது. சொல்வதுதான் பழகவில்லை. அதிலும் முதல் தடவையே எனக்கு நல்ல அடி விழுந்தது.

தேவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், வயிற்றுப்போக்கென்று சேர்ந்திருந்தார். ஒரு மத்தியானம் அவர் காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். சந்தை எந்தக் கிழமை என்று கேட்டேன். பதில் இல்லை. நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் சோற்றோடு வந்துவிட்டார். வந்து பெரியவரைத் தட்டினால், அவர் எழுந்து உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"எங்கய்யா தீப்பிடிச்சிருச்சு?"

"கால் குளுந்திருக்கு சார்" என்றேன்.

"இப்பத்தானய்யா குழாயில கழுவிட்டு வந்து படுத்தேன். காலக் கழுவுனாக் குளுராமச் சுடுமா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல..."

"சந்தை என்னைக்குன்னு கேட்டா, தூங்குற மனுசன் எந்திரிச்சுச் சொல்லணுமாக்கும்? வேற சோலி இல்ல?"

வார்டே சிரித்தது. சிஸ்டர்கூட வாயை மூடிக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, கையில் காய்ந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு டிரைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன செங்கலு, இன்னைக்கு யாருக்குக் கால் குளுருது?" என்பார். நல்ல மனிதர்தான். பகடி பேசாமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் எனக்கு மறுபடியும் வாய் கட்டிக்கொண்டது. பார்ப்பேன், எண்ணுவேன், கோடு போடுவேன். சிஸ்டர் கேட்டால் சொல்வேன். நானாகப் போய்ச் சொல்லமாட்டேன்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. அப்புறம் ஒரு ஆடி மாதம். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மா என்று ஒரு பெண்ணைக் காலையில் மலையிலிருந்து கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. லயத்திலேயே பிரசவமாகி ஐந்து நாள். பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கூட வந்தது மாமியார். புருஷன் மேலே வேலையில் இருந்தான். டாக்டர் பார்த்தார். காய்ச்சல் நூற்று மூன்று. ஊசியும் மாத்திரையும் கொடுத்து, "சாயங்காலம் சிஸ்டர் பாத்துக்கட்டும், நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார். அன்று புதன்கிழமை. புதன்தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் காரில் மலைத் தோட்டங்களுக்குப் போவார். ராத்திரி மேலேயே தங்கி, மறுநாள்தான் திரும்புவார். கார் முதல் வளைவைத் தாண்டிவிட்டால் கூப்பிட வழியில்லை.

ஒரு மணி இருக்கும். பேச்சியம்மா நடுங்கினாள். மாமியார் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏப்பா, செங்கக் காய்ச்சி வைக்கிற ஆளு நீதானாமே? வெரசா ஒண்ணு கொண்டா. புள்ளைக்குக் கால் வெறைக்குது."

"இப்ப வேண்டாம் ஆத்தா. போர்வை தர்றேன்."

"போர்வை எங்கிட்ட இருக்கு. செங்கக் கேட்டேன்."

"செங்க வேண்டாம் ஆத்தா."

"ஏன், வெறகு ஒங்கப்பன் வீட்டுதா? ஒரு பச்ச ஒடம்புக்காரிக்கு ஒரு கல்லச் சுட்டுக் குடுக்க மனசு வரல. நீயெல்லாம் ஆஸ்பத்திரியில வேலை பாக்குற!"

வார்டு பூராவும் எங்களைப் பார்த்தது. நான் போர்வையை விரித்துவிட்டு, கால் பக்கம் குனிந்து பாதத்தைத் தொட்டேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். "பொம்பளப் புள்ள காலத் தொடுறான் பாரு!" ஆனால் தொட்டது போதும். விரல் நுனியிலிருந்து கணுக்கால்வரை குளிர்ச்சி. இந்தக் காலை யாரும் கழுவவில்லை. மூச்சை எண்ணினேன். முள் ஒரு சுற்று வருவதற்குள் முப்பத்து நாலு. சுவரைப் பார்த்தேன். அவள் கட்டிலுக்குக் கோடு இல்லை.

"காலைல இருந்து ஒண்ணுக்குப் போனாளா ஆத்தா?"

"கேக்குறான் பாரு கேள்வி! போகல. தண்ணி குடிச்சாத்தானே போறதுக்கு?"

பேச்சியம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தேன். "தங்கச்சி, சந்தை எந்தக் கிழமை?"

அவள் தரையைக் காட்டினாள். "ஏலக்காய ஏன் இங்கன கொட்டி வச்சிருக்கீங்க? மழைல நனையுதுல்ல? அள்ளுங்க."

தரையில் ஒன்றும் இல்லை.

சின்ன நர்ஸ் பிள்ளை வந்து காய்ச்சல் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "தொண்ணூத்தி ஏழு வந்திருச்சு அண்ணே! காலைல நூத்தி மூணு. ஊசி கேட்டிருச்சு." மாமியார் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். சிஸ்டர் பிரசவ அறைக்குள் இருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. கதவைத் தட்டினேன். "இப்போ வர பற்றில்ல சேட்டா, கொழந்தை தலை வந்து!" என்று பதில் வந்தது.

வெளியே கார் கிளப்பும் சத்தம் கேட்டது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டரின் கையில் காய்ந்த சோறு கண்ணில் வந்தது. ஊசி கேட்டிருக்கிறது என்று படித்த பிள்ளை சொல்கிறாள். ஐந்தாம் வகுப்புக்காரன் இல்லை என்கிறான். நான் தவறாக இருந்தால் மலையில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு டாக்டர் வராமல் போவார். இன்னும் நாலு வருடத்துக்கு என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்க ஒருவரும் இல்லை. வார்டு நிறைய ஆட்கள், என்னைத் தவிர யாருக்கும் அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. இந்த வேலையில் நாம் தனியாக நிற்பது அந்த ஒரு நிமிஷம்தான். மற்றத் தனிமையெல்லாம் எனக்குப் பழகியது. இது பழகவே இல்லை.

ஓடினேன். கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்கதவைக் கையால் அடித்தேன். டிரைவர் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"என்ன செங்கலு, யாருக்குக் கால் குளுருது? கொளத்துல நின்ன எருமைக்கா?"

நான் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கத்து ஜன்னலில் நின்றேன். மூச்சு வாங்கியது.

"சார், பிரசவத்துப் புள்ள. கால் கணுக்கால்வரைக்கும் குளுந்திருச்சு. செங்க வைக்கல சார். கழுவவும் இல்ல."

"காய்ச்சல்?"

"எறங்கிருச்சு சார். தொண்ணூத்தேழு."

"எறங்குனா நல்லதுதானே?" அவர் கையில் கடிகாரத்தைப் பார்த்தார். "மேல ஆளுக காத்திருக்காங்கப்பா."

"ஆள் தெளியல சார். எறங்குனது நல்லதுக்கு இல்ல. மூச்சு முப்பத்து நாலு. காலைல இருந்து ஒண்ணுக்குப் போகல. தரையில ஏலக்காய் கொட்டிக் கிடக்குன்னு சொல்லுது. கொட்டிக் கிடக்கல சார்."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. டிரைவர் சிரிக்க வாயைத் திறந்தார். டாக்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்த மருத்துவம் உங்களுக்குச் சிஸ்டர் சொல்லித்தருவார். எனக்குத் தெரிந்தது, டாக்டர் அந்தப் பாதத்தைத் தொட்டதும் "டிரைவரை அனுப்பாத, இங்க வரச் சொல்லு" என்று கத்தியதுதான். இரண்டு கைகளிலும் பாட்டில் ஏறியது. ஊசிகள் மாறின. ஆஸ்பத்திரியில் இருந்த பாட்டில் போதாது என்று டிரைவர் பஜாருக்குப் பறந்து வாங்கிவந்தார். பிரசவத்தில் உள்ளே தங்கிப்போன நஞ்சுக்கொடித் துணுக்கு ஒன்று அழுகியிருந்ததாம். அதை டாக்டர் எடுத்தார். சிஸ்டர் ஒரு பிள்ளையைப் பிறக்கவைத்த கையோடு வந்து இங்கே நின்றார். என் வேலை ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது, கால் மணிக்கு ஒருமுறை மூச்சை எண்ணிச் சொல்வது. முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்து நாலு. மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். டிரைவரும் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மூத்திரம் வரணும்பா. அது வந்தாத்தான் உள்ளுறுப்பு பொழச்சிருக்குன்னு அர்த்தம்."

நாலு மணி. வரவில்லை. ஐந்து மணி. காற்று நின்றது. மூச்சு இருபத்தெட்டுக்கு இறங்கியது. இந்தத் தடவை இறங்கினது நல்லதா கெட்டதா என்று எனக்குப் பயம். கேட்கவும் பயம்.

ஐந்தரை இருக்கும். பேச்சியம்மா கண்ணைத் திறந்து மாமியாரைத் தேடினாள்.

"அத்தே, ஒண்ணுக்கு வருது."

தட்டி வைத்து மறைத்தார்கள். நான் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். சின்ன நர்ஸ் பிள்ளை அதை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். அரை ஆழாக்குக்கூட இருக்காது. கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பதினாறு வருடத்தில் எத்தனை பாத்திரம் கொட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல், வார்டு நெடுக நடந்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"கொட்டிராத. சிஸ்டர் பாக்கட்டும்" என்றார்.

வாசல்படியிலிருந்து டிரைவர் கேட்டார். "என்ன மாப்ளே, வந்திருச்சா?" மாப்ளே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்றுதான்.

நாம் படிக்காதவர்கள். என்ன நோய் என்று சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் டாக்டர் ஒரு நோயாளி பக்கத்தில் இருப்பது கொஞ்ச நேரம். சிஸ்டர் இருப்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம். நாள் பூராவும் இருப்பது நாம்தான். நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை என்று தெரிந்தால், உடனே போய்ச் சொல்லுங்கள். கால் கழுவிய கிழவருக்காகவும் கூப்பிடத்தான் செய்வீர்கள், சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்குப் பிறகும் நான் இரண்டு மூன்று தடவை தப்பாகக் கூப்பிட்டிருக்கிறேன். டாக்டர் ஒரு தடவைகூட வராமல் இருக்கவில்லை.

பேச்சியம்மா பன்னிரண்டு நாள் இருந்தாள். புருஷன் வந்தான். நாத்தனார் பிள்ளையைக் கொண்டுவந்தாள். டாக்டர் காலில் விழுந்தார்கள், சிஸ்டருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். நான் காரைத் தட்டி நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் ஒரு நாள் சொல்ல வாயெடுத்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்று பயம்.

போகிற அன்று காலையில் ஜீப்பு வந்து நின்றது. நான் குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் கூப்பிட்டார். பேச்சியம்மாவால் ஜீப்புப் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை, உடம்பில் அவ்வளவு பலம் இல்லை. புருஷன் கையில் பிள்ளை. நான் போய்க் குனிந்து, அவள் பாதத்தை என் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிவிட்டேன்.

பாதம் சூடாக இருந்தது. செருப்பில்லாமல் மலை ஏறுகிற கால், தோல் தடித்துப் போயிருந்தது. ஆனாலும் அந்தச் சூடு தெரிந்தது.

அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்தாள். குனிந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னண்ணே, கை இம்புட்டுச் சில்லுனு இருக்கு? ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்ல தங்கச்சி. தண்ணியில நின்னேன்."

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருப்பான்" என்றார் மாமியார் உள்ளே இருந்து. "ஏறு, நேரமாகுது."

"சும்மா இருங்கத்தே" என்றாள். இன்னும் என் கையை விடவில்லை. "டாக்டர்கிட்டக் காட்டுண்ணே. சும்மா விட்டுராத."

காட்டுகிறேன் என்று சொன்னேன். ஜீப்பு கிளம்பி, சாலையில் ஏறி, முதல் வளைவில் திரும்பியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ பாத்திரம் கேட்டுக் கூப்பிட்டார்கள். போனேன்.

ஆவணி 12, 1989